பட்டறைக்குக் காற்று வேண்டும்

ஆலத்தூர் வட்டம்,
பெரம்பலூர் மாவட்டம்.
ஐப்பசி 12.

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கு நானும் பெரியம்மாவும் நலம். அரியலூரில் நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ பேசியதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். நீ இருந்த வேகத்தில் எதுவும் உன் காதில் ஏறியிருக்காது. எனக்கோ முப்பத்திரண்டு வருஷம் வகுப்பறையில் பேசிப் பேசி, அடுத்தவர் பேச்சைக் கேட்கிற பழக்கமே போய்விட்டது. கடிதம் என்றால் நீ நடுவில் குறுக்கிட முடியாது, நானும் குரலை உயர்த்த முடியாது. அதனால்தான் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ராத்திரிப் பணி முடிந்து வந்ததும் படிக்காதே. தூங்கி எழுந்து, ஒரு டீ குடித்துவிட்டுப் படி.

நீ சொன்னவற்றையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். சிமென்ட் ஆலை ஒப்பந்தக்காரர் இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். இங்கே உன் பங்கு ஒன்றரை ஏக்கர் வெங்காயத்தில் திருகல் நோய் இறங்கிவிட்டது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டும். வண்டி வாரத்துக்கு ஒரு முறை நடுவழியில் நிற்கிறது. மேஸ்திரி எல்லார் முன்னாலும் திட்டினான். தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் இடி இல்லை, எல்லாம் கொசுக்கடி. ஆனால் ராத்திரி முழுக்கக் கடித்தால் கொசுவுக்கும் மனுஷன் அழத்தான் செய்வான். நீ அழுததில் எனக்கு வருத்தம் இல்லை. கடைசியில் ஒன்று சொன்னாயே, "வட்டிக்கு வாங்கினத அவகிட்ட சொல்லிடாதீங்க பெரியப்பா" என்று, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"எல்லாம் சரியாயிடும்" என்று நான் எழுதப்போவதில்லை. சரியாகுமா ஆகாதா என்பது எனக்குத் தெரியாது. மானாவாரிக் கரிசலில் அறுபது வருஷமாக வானத்தைப் பார்த்துக் கொண்டிருப்பவன் அப்படி ஒரு வார்த்தையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. சரியாகாத நாளிலும் நிலை குலையாமல் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

உன் பெரியம்மாவின் பிறந்த வீடு செந்துறைப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அந்த ஊர் திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. 2001 ஜனவரி 1ஆம் தேதி அரியலூர் மாவட்டம் ஆனது. 2002 மார்ச் கடைசியில் அரியலூரை மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23ஆம் தேதி திரும்பவும் பிரித்தார்கள். சுமார் பன்னிரண்டு வருஷத்தில் நான்கு தடவை மாவட்டம் மாறிவிட்டது. வீடு ஓரடி நகரவில்லை.

ஒவ்வொரு தடவையும் டீக்கடையில் பெரிய சண்டை நடக்கும். ஆட்சியர் அலுவலகம் தூரமாகிவிட்டது என்று ஒரு கட்சி, கௌரவம் போய்விட்டது என்று இன்னொரு கட்சி. என் மாமனார் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்பார்: "மனுவுல மேல என்ன எழுதணும்னு சொல்லுங்க மாப்ள." சொன்னதும் முந்திரிக் காட்டுக்குப் போய்விடுவார். விவரம் தெரியாத மனுஷர் என்று அப்போது நினைத்தேன். மாற்றத்தில் தன் பங்குக்கு வருவது அந்த ஒரு வரி முகவரிதான், மீதி எல்லாம் வேறு யாருடைய வேலையோ என்று அவர் பிரித்து வைத்திருந்தார். அது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

அதைப் புரிய வைத்தது 2018ஆம் வருஷத்துப் படைப்புழு. நீ அப்போது பாலிடெக்னிக் முடித்து வெளியூரில் இருந்தாய். அமெரிக்கக் கண்டத்துப் புழு அது. 2016இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரட்டாசிப் பட்டத்திலேயே நம் மக்காச்சோளக் காட்டுக்கு வந்துவிட்டது. அதன் அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில் 100 கிலோமீட்டர் வரைக்கும் பறக்குமாம். வேலி என்ன செய்யும், காவல் என்ன செய்யும்? முழங்கால் உயரப் பயிரின் குருத்துக்குள் உட்கார்ந்துகொண்டு தின்னும். குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம் கொட்டும். நம் மாவட்டம், அரியலூர், சேலம், விழுப்புரம் என்று மக்காச்சோளம் போட்டவன் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

நானும் உட்கார்ந்தேன். பத்து நாள் இந்தத் திண்ணையில் உட்கார்ந்து விதைக் கம்பெனிக்காரனை, அரசாங்கத்தை, அமெரிக்காவை, எல்லாரையும் திட்டினேன். அந்தப் பத்து நாளும் உன் அப்பா சாயங்காலம் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்க் குருத்துக் குருத்தாகப் பார்த்துப் புழுவை நசுக்கிக் கொண்டிருந்தான். "இதுல எத்தனை மிஞ்சும்னு நெனைக்கிற?" என்று நக்கலாகக் கேட்டேன். "தெரியல அண்ணே. ஆனா பாத்த செடியில புழு இல்ல" என்றான். அந்த வருஷம் அவனுக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம். ஆனால் அடுத்த பட்டத்துக்கு அவன் தயாராக இருந்தான். கோடையிலேயே ஆழமாக உழுது, மண்ணுக்குள் இருந்த கூட்டுப்புழுவை வெயிலுக்கும் காக்கைக்கும் கொடுத்தான். கடைசி உழவில் வேப்பம் பிண்ணாக்குப் போட்டான். விதையை மருந்தில் நேர்த்தி செய்து போட்டான். வரப்பு ஓரம் தட்டைப்பயறும் எள்ளும் விதைத்தான். இனக்கவர்ச்சிப் பொறி கட்டினான். புழு இன்றைக்கும் நம் காட்டில் இருக்கிறது, போகவில்லை. ஆனால் 2018ஐப் போல நம்மைக் கையைப் பிசைய வைக்க அதனால் முடியவில்லை. என் பத்து நாள் கோபத்தால் ஒரு புழுகூடச் சாகவில்லை என்பதையும் குறித்துக்கொள்.

தன் பங்கு எது, வேறு யாருடையது எது என்று கணக்கைப் பிரிக்கிற இந்தப் புத்தி நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. சுமார் 2,300 வருஷத்துக்கு முன்னால் கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரத்துச் சந்தை ஓரமாக ஸீனோ என்று ஒருவர் பாடம் சொல்லிக் கொடுத்தார். சரக்குக் கப்பல் மூழ்கி எல்லாவற்றையும் இழந்து அந்த ஊருக்கு வந்து சேர்ந்த வியாபாரி என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சித்திரம் தீட்டிய ஒரு தூண் தாழ்வாரத்தில் நின்று பேசினார். கிரேக்கத்தில் அந்தத் தாழ்வாரத்துக்கு ஸ்டோவா என்று பெயர். அதனால் அவர் வழி வந்தவர்களை ஸ்டோயிக்குகள் என்றார்கள். நம் பேச்சில் சொன்னால் திண்ணைக்காரர்கள்.

அந்தத் திண்ணைப் பள்ளியில் நானூறு வருஷம் கழித்து வந்தவர் எபிக்டெட்டஸ். அடிமையாக இருந்தவர். அந்தப் பெயருக்கே 'வாங்கப்பட்டவன்' என்றுதான் அர்த்தம். கால் ஊனம். விடுதலை கிடைத்து ரோமாபுரியில் பாடம் நடத்தியபோது, தத்துவம் பேசுகிறவர்கள் யாரும் ஊருக்குள் இருக்கக் கூடாது என்று டொமீஷியன் என்ற பேரரசன் விரட்டிவிட்டான். அவர் வேறு ஊருக்குப் போய் அங்கே பள்ளிக்கூடம் வைத்தார். அவர் சொல்லிக் கொடுத்ததன் சாரம் என் மாமனார் செய்ததுதான்: எது உன் வசம், எது உன் வசம் இல்லை என்று முதலில் பிரி. பிறர் பேச்சு, விலை, உடம்புக்கு வருகிற நோய், மழை எல்லாம் அந்தப் பக்கம். நீ எப்படி எண்ணுகிறாய், எதைச் செய்யத் துணிகிறாய் என்பது இந்தப் பக்கம். அவர் தாமாக ஒரு வரியும் எழுதவில்லை. மாணவர் ஒருவர் எழுதி வைத்த குறிப்புகள், 161 முதல் 180 வரை ரோமாபுரியை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ் கைக்குப் போயின. எல்லையில் ஓயாத போர், நாட்டுக்குள் கொள்ளைநோய், பெற்ற பிள்ளைகள் பலரைத் தன் கையாலேயே வழியனுப்பிய வாழ்க்கை அவருடையது. அத்தனைக்கும் நடுவில் உலகத்தை ஆண்ட மன்னன் ஓர் அடிமையின் பாடத்தைத்தான் படித்திருக்கிறான்.

ஆனால் தம்பி, இதில் ஒரு வழுக்குப்பாறை இருக்கிறது. "என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிச் சோம்பேறியும் தப்பிக்கலாம், பொறுப்பில் இருப்பவனும் தப்பிக்கலாம். அப்படித் தப்பிக்காதவர் ஒருவருக்குச் சாட்சி உன் கண்ணெதிரே ஓடுகிறது. நீ தினமும் வண்டியில் போகும்போது பார்க்கிற மருதையாறு, மழை இல்லாத மாதங்களில் மணலும் முள்ளுமாகக் கிடக்கும். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அது கரை புரண்டது. சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் தாண்டி அந்த ஆற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மாவட்டம் இரண்டாம் தடவை பிரிந்த தேதியும் அதுவே என்பதால் ஒவ்வொரு நவம்பர் 23க்கும் எனக்கு அந்த ரயில் நினைவுக்கு வந்துவிடும்.

அன்றைக்கு ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. டெல்லியில் இருந்தவருக்கு மருதையாற்று வெள்ளம் கைவசமா? ஐப்பசி, கார்த்திகை மழையை யாரால் நிறுத்த முடியும்? "இயற்கைச் சீற்றம்" என்று ஓர் அறிக்கை விட்டிருந்தால் யாரும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் பொறுப்பை ஏற்றுப் பதவியை விட்டு விலகினார். அதே வருஷம் மகபூப்நகர் விபத்துக்கே விலகுகிறேன் என்று சொன்னவர் அவர். வெள்ளம் என் வசம் இல்லை, பாலம் என் துறையின் வசம் இருந்தது என்று அவர் கணக்கைப் பிரித்திருக்கிறார். கணக்கைப் பிரிப்பதன் நேர்மை அங்கேதான் தெரிகிறது. தன் பக்கம் விழுவதை ஒரு பைசா குறைக்காமல் எழுத வேண்டும்.

உன் சம்பள விஷயத்துக்கும் இதே அளவுகோல்தான். நிதானமாக இரு என்று நான் சொன்னால், வாயை மூடிக்கொண்டு போ என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்காவிட்டால், வேலை வாங்குகிற முதன்மை நிறுவனமே அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவிட்ட விதி. உன்னைப் போலச் சம்பளம் நின்றவர்கள் எத்தனை பேர்? எல்லாருமாகச் சேர்ந்து, வேலை செய்த நாட்களைத் தேதியோடு எழுதி, கையெழுத்துப் போட்டு, நிறுவனத்துக்கு ஒன்றும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒன்றும் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கி வை. மேஸ்திரியோடு வாசலில் கத்தினால் உனக்கு ரத்தக் கொதிப்புதான் மிஞ்சும், மனு கொடுத்தால் எண் கிடைக்கும். பணம் என்றைக்கு வரும் என்பது உன் வசம் இல்லை. மனு உன் வசம். கோபம் வந்தால் வரட்டும், அந்தச் சூட்டை மனு எழுதுகிற கைக்கு அனுப்பு.

திருக்குறளில் 63ஆம் அதிகாரம் இடுக்கண் அழியாமை. வகுப்பில் பல வருஷம் அதை நடத்தியிருக்கிறேன். அது எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் கவனித்ததில்லை. துன்பத்தில் கலங்காமல் இரு என்கிற பேச்சு துறவறத்தில் வரும் என்றுதானே நினைப்போம். வள்ளுவர் அதைப் பொருட்பாலில், அரசியலில் வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் 60 ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை. ஊக்கத்தையும் சோம்பல் இல்லாமையையும் முயற்சியையும் முப்பது குறளில் சொல்லி முடித்த பிறகுதான் கலங்காமைக்கு வருகிறார். களத்தில் இறங்கி வேலை செய்து, செய்தும் தோற்று நிற்கிறவனுக்குச் சொல்லும் பாடம் அது. உன் அப்பா டார்ச் லைட்டோடு காட்டில் நின்றானே, அவனுக்கு. திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த அதிகாரத்தில் இடமில்லை.

இனி, என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னப் பிள்ளையில் உன்னைச் சாத்தனூர் கல்மரம் பார்க்க அழைத்துப் போனேனே, நினைவிருக்கிறதா? நம் பக்கமும் அரியலூரும் கடலாக இருந்த காலத்து மரம். சுமார் 12 கோடி வருஷம். 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும். புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதை வெளி உலகத்துக்குச் சொன்னார். அந்தப் பழங்கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்றைக்கு உங்கள் சிமென்ட் ஆலைகள் அரைக்கின்றன. அன்றைக்கு நீ கல்மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வலிக்காதா பெரியப்பா?" என்று கேட்டாய். "கல்லுக்கு ஏதுடா வலி? ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்றேன். முப்பத்திரண்டு வருஷ வாத்தியார் வேலையில் நான் சொல்லிக் கொடுத்த தப்பான பாடங்களில் அதுதான் பெரியது. கல்மரம் வெயிலைத் தாங்கும், மழையைத் தாங்கும். ஓர் இலை துளிர்க்காது. அதை இப்போதாவது திருத்தி எழுதிவிடுகிறேன்.

எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது வெங்காயப் பட்டறை. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அந்த வருஷம் அறுத்த வெங்காயத்துக்கு விலை இல்லை. மூட்டைக்கு வெட்டுக்கூலிகூடத் தேறாது என்றார்கள். விலை வரட்டும் என்று பட்டறை போட்டேன். பட்டறை போடுவது உனக்குத் தெரியாததா? தரையிலிருந்து உயர்த்திக் கல் அடுக்கி, மேலே கம்பு பரப்பி, இரண்டு பக்கமும் படல் கட்டி, அகலம் குறைவாக நீளமாக வெங்காயத்தைக் கொட்டி, மேலே கீற்று வேய வேண்டும். அடியிலும் பக்கத்திலும் காற்று ஓட வேண்டும். எல்லாம் முறையாகத்தான் போட்டேன். ஆனால் அந்த வருஷம் எனக்கு ஒரு கடன் இருந்தது. பெரியம்மாவுக்குத் தெரியாமல் அவள் நகையை அடகு வைத்திருந்தேன். வெங்காயம் விற்றால் சத்தமில்லாமல் திருப்பிவிடலாம் என்று கணக்கு. அதனால் பயம். வானம் கறுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒருநாள் டவுனுக்குப் போய்த் தார்ப்பாய் வாங்கி வந்து, பட்டறையை மேலிருந்து கீழ் வரை சுற்றிக் கட்டி, ஓரத்தில் மண்ணும் அணைத்துவிட்டேன். யார் கேட்டாலும் "ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லா இருக்கு" என்பேன்.

அந்த மாதம் மழையே பெய்யவில்லை. நாற்றம் தெருவுக்கு வந்த பிறகுதான் பிரித்தேன். உள்ளே ஆவி அடித்தது. முக்கால்வாசி அழுகிப் போயிருந்தது. அதே வாரத்தில் நகை ஏல நோட்டீஸ் வீட்டுக்கு வந்துவிட்டது. உன் பெரியம்மா நோட்டீசைப் படித்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து நல்ல வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "மழை வரும்னு மூடுனீங்க. மழை வரல. மூடுனதுலயே வெந்து போச்சு." பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "நகை போனா போவுது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேருமா பயந்திருக்கலாம்ல?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. அடுத்த நாள் அவள் அண்ணனிடம் பேசினாள், உன் அப்பா கொஞ்சம் கொடுத்தான், ஏலத்துக்கு முன்னால் நகை திரும்பிவிட்டது. நான் ஆறு மாதம் தனியாகச் சுமந்தது இரண்டு நாளில் இறங்கிவிட்டது. வெங்காயம் மட்டும் திரும்பவில்லை.

தம்பி, உன் மனசை நீ இப்போது தார்ப்பாயால் சுற்றி வைத்திருக்கிறாய். வெளியே பார்க்கிறவர்களுக்கு அமைதி மாதிரித் தெரியும். உள்ளே ஆவி அடிக்கிறது. அந்த ஆவிதான் பாப்பா தண்ணீரைக் கொட்டியதற்குக் கை ஓங்க வைக்கிறது, என்னிடம் பேசும்போது போனைத் தூக்கி எறிய வைக்கிறது. உறுதி வேறு, மூடி வைப்பது வேறு. உறுதியான பட்டறைக்கும் காற்று வேண்டும்.

அந்த ரோமாபுரிக்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தது. மார்க்கஸ் அரேலியஸ் இளைஞனாக இருந்தபோது அவரை வளர்த்த ஆசிரியர் ஒருவர் இறந்துவிட்டார். பையன் அழுதான். இளவரசன் அழக் கூடாது என்று அரண்மனைக்காரர்கள் தடுத்தார்கள். அப்போது பேரரசராக இருந்த வளர்ப்புத் தந்தை அந்தோனினஸ், அவன் மனுஷனாக இருக்கட்டும், விடுங்கள், தத்துவமோ ஆட்சியோ பாசத்தைப் பறித்துவிட முடியாது என்கிற பொருளில் சொன்னார் என்று பழைய வரலாற்று நூலில் இருக்கிறது. கலங்காமைக்குப் பேர்போனவனையே அழவிட்டுத்தான் வளர்த்திருக்கிறார்கள். நீ அழுதால் எனக்கென்ன குறை?

அதனால் இந்த வாரம் நீ முதலில் செய்ய வேண்டியது வட்டிக் கடனை மருமகளிடம் சொல்வது. வாங்கிய தொகை, வட்டி, எப்போது கட்ட வேண்டும் என்று முழுசாகச் சொல். பாதியை மறைத்துச் சொன்னால் அது இன்னொரு தார்ப்பாய். அவள் கோபப்படலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். அது அவள் வசம், அவளுக்கு அந்த உரிமை உண்டு. சொல்வது உன் வசம்.

வெங்காயத்துக்கு வா. நோய் கண்ட செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்த நாளைக்கே ஆள் விடுகிறேன். காட்டில் தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுக்கச் சொல்கிறேன். மருந்து எது என்று கடைக்காரனைக் கேட்காமல் தோட்டக்கலை அலுவலரிடம் செடியைக் காட்டிக் கேட்டுக்கொள்வோம். மக்காச்சோளத்துக்குக் காப்பீடு கட்டிவிட்டாயா? ராபிப் பயிருக்கு விவசாயி பங்கு 1.5 சதவீதம், வெங்காயத்துக்கு 5 சதவீதம். கடைசித் தேதி வரைக்கும் இழுக்காதே. இழப்பீடு வந்தால் வரட்டும். வராது என்று நினைத்துக்கொண்டே கட்டு. நஷ்டத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பதை அபசகுனம் என்பார்கள் சிலர். விலை எவ்வளவு ஏறினாலும் விதை வெங்காயத்தைத் தொடாத சம்சாரி ஒவ்வொருவனும் நஷ்டத்தை நினைத்துப் பார்த்தவன்தான்.

ராத்திரி படுக்கும் முன் ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டு, அன்றைக்கு நடந்ததில் எது உன் கணக்கு, எது மழைக் கணக்கு என்று எழுது. ஸெனெகா என்ற இன்னொரு ஸ்டோயிக்கும் தினமும் விளக்கை எடுத்த பிறகு அன்றைய நடத்தையைத் தனக்குத் தானே விசாரிப்பாராம். அவர் வழக்கம் தெரிந்து மனைவியும் அந்த நேரத்தில் பேசாமல் இருப்பாராம். முதல் வாரம் உன் நோட்டில் மழைக் கணக்குப் பக்கம்தான் நிரம்பும். மூன்றாவது வாரம் பார். என் நோட்டில் அப்படித்தான் ஆயிற்று.

போனை எந்நேரமும் காதில் வைத்திருக்காதே. கடன்காரன், மேஸ்திரி, வாட்ஸ்அப் குழு என்று எல்லாருக்கும் எப்போதும் நீ கதவைத் திறந்து வைத்திருக்கிறாய். சிறுவாச்சூர் மதுரகாளியே வழக்கமாக வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கிறாள். அவளைவிட நீ பெரிய ஆளா? சாப்பிடும்போதும் பாப்பாவோடு இருக்கும்போதும் நடையைச் சாத்து.

இன்னும் ஒன்று, நேராகவே கேட்கிறேன். "எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கு" என்றாயே, வேலையை விடுவதைச் சொன்னாயா, வேறு எதையாவது சொன்னாயா? வேறு எதுவாக இருந்தாலும், நடுராத்திரியாக இருந்தாலும், என்னைக் கூப்பிடு. என்னிடம் சொல்ல முடியாது என்றால் 14416க்குக் கூப்பிடு. அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. உன் அப்பா முழங்காலுக்கு டாக்டரிடம் போவதில் வெட்கம் இருக்கிறதா? அப்படித்தான் இதுவும்.

பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதியதையெல்லாம் கேட்டாள். நகை விஷயத்தை எழுதியிருக்க வேண்டாமே என்றாள். வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

கார்த்திகையில் ஊன்றுவதற்கு விதை வெங்காயப் பட்டறை களத்து மேட்டில் இருக்கிறது. இந்த மழையில் கொஞ்சம் அழுகியிருக்கும். வெயில் கண்ட நாளாகப் பார்த்துப் பிரித்து, அழுகினதைப் பொறுக்கி எறிந்து, திரும்பப் போட வேண்டும். எனக்கும் பெரியம்மாவுக்கும் இடுப்பு வளையவில்லை. அடுத்த ஞாயிறு காலையில் வா. மருமகளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. நாலு கையும் ரெண்டு முறமும் இருந்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

வருவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட்டு வா.

அன்புடன்,
உன் பெரியப்பா